தாத்தா வளைத்த லாடம்: கையால் முடியுமா, முடியாதா?

லீபஜார்_பேரன்

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகப் படிப்பதோடு சரி, இதுதான் நான் போடும் முதல் இழை.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறோம். போன வாரம் வாசல் நிலையைப் பெயர்த்தபோது மேல் கட்டையில் தொங்கிய லாடம் கைக்கு வந்தது. திருஷ்டிக்கு அடிப்பதுதான், அந்தத் தெருவில் பாதி வீட்டில் இருக்கும். ஆனால் இது ஒழுங்கான லாடம் இல்லை. ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே என்று முறுக்கிக்கொண்டு, பிழிந்து போட்ட துண்டு மாதிரி இருக்கிறது. கட்டையில் படியாது என்பதால் ஒரே ஓர் ஆணியில் அத்தனை வருடம் தொங்கியிருக்கிறது.

தாத்தா லீ பஜார் மண்டியில் மூட்டை தூக்கியவர். ஒரு ஜட்கா வண்டிக்காரரிடம் பந்தயம் கட்டி வெறும் கையால் அதை வளைத்தார் என்பது வீட்டில் எல்லோரும் சொல்லும் கதை. சித்தப்பா மகன் நம்பவில்லை, உலையில் போட்டுச் சம்மட்டியால் அடித்திருப்பார்கள் என்கிறான். நானும் இரண்டு நாள் வைத்து மல்லுக்கட்டினேன், ஒரு நூல்கூட அசையவில்லை. நான் வாரத்தில் நாலு நாள் ஜிம்முக்குப் போகிறவன், டெட்லிஃப்ட் 160 கிலோ வரை தூக்குவேன், அதனால் கொஞ்சம் அவமானமாகவும் இருக்கிறது.

நிஜமாகவே ஒரு மனிதனால் லாடத்தைக் கையால் வளைக்க முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி_ரவுண்டானா

தம்பி, எந்த வீட்டில்தான் தாத்தா சாதாரண ஆளாக இருந்திருக்கிறார்? என் தாத்தா ஏற்காட்டு மலையில் சிறுத்தையைக் குடையால் விரட்டியவர், அப்பா சொன்னார். அந்தக் குடை இன்னும் வீட்டில் இருக்கிறது, சிறுத்தையைத்தான் காணோம்.

படம் போடு, பார்க்கலாம்.

இரும்புப்பிடி

முடியும். நான் வளைத்திருக்கிறேன். தினமும் வளைப்பவன் இல்லை, மொத்தமாக ஒன்பது லாடம், அதில் நாலு பாதியில் நின்றது.

இது புது விஷயமும் இல்லை. சாக்சனியை ஆண்ட அகஸ்டஸ் 1711-ல் கையால் உடைத்த லாடம் என்று ஒன்றை ஜெர்மனியில் டிரெஸ்டன் அருங்காட்சியகத்தில் இன்னும் வைத்திருக்கிறார்கள். லியொனார்டோ டா வின்சி லாடத்தை ஈயம் மாதிரி வளைப்பார் என்று அவர் வாழ்க்கையை எழுதிய வசாரி எழுதி வைத்திருக்கிறார், மோனாலிசா வரைந்த அதே ஆள்தான். அமெரிக்காவில் ‘மைட்டி ஆட்டம்’ என்ற பெயரில் வித்தை காட்டிய ஜோ கிரீன்ஸ்டீன் (1893–1977) ஐந்தரை அடிகூட இல்லாத ஆள், லாடம் வளைப்பார், ஆணியைப் பல்லால் கடித்துத் துண்டாக்குவார். நம் பக்கத்தில் கோடி ராமமூர்த்தி நாயுடு உடம்பில் சங்கிலியைச் சுற்றி மூச்சை இழுத்தே அறுத்தவர், ‘கலியுக பீமன்’ என்று பட்டமே உண்டு. ராஜா வளைத்தால் அருங்காட்சியகத்தில் வைப்பார்கள், மூட்டை தூக்குகிறவர் வளைத்தால் வாசல் நிலையில் ஆணி அடித்து மாட்டுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

டெட்லிஃப்ட்டுக்கும் இதற்கும் ரொம்பச் சம்பந்தம் கிடையாது. மண்டியில் நாளெல்லாம் நூறு கிலோ சாக்கின் காதைப் பிடித்து இழுத்தவருக்கு மணிக்கட்டும் விரலும் எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். தாத்தா கையைப் பிடித்துப் பார்த்த நினைவு இருக்கிறதா?

லீபஜார்_பேரன்

இருக்கிறது. கை குலுக்கினால் மரக்கட்டையைப் பிடித்த மாதிரி இருக்கும். எண்பது வயதிலும் தேங்காய்க்கு அரிவாள் கேட்க மாட்டார், மட்டையைக் கையாலேயே கிழித்து உரிப்பார்.

படம் இரவு போடுகிறேன்.

லேத்_மேஸ்திரி

நான் முப்பது வருடமாகப் பட்டறை வைத்திருப்பவன். கதை எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், கணக்கைப் பார்ப்போம். கணக்கு யாருக்கும் தாத்தா இல்லை.

சவாரிக் குதிரைக்குப் போடும் ஒரு சராசரி லாடம், பட்டை அகலம் 19 மி.மீ., கனம் 8 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதா இரும்பு, அதாவது மைல்டு ஸ்டீல். சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 250 நியூட்டன் வந்தால் அது நிரந்தரமாக வளைய ஆரம்பிக்கும். இதை வளைக்க இரண்டு வழி உண்டு.

முதல் வழி, லாடத்தின் இரண்டு முனையையும் பிடித்து விரித்து நேராக்குவது. இதில் பட்டையின் 19 மி.மீ. அகலம் முழுக்க உங்களை எதிர்த்து நிற்கிறது. எதிர்ப்பு, எந்தப் பக்கம் வளைக்கிறோமோ அந்தப் பக்க அளவின் வர்க்கத்துக்கு ஏற்றபடி கூடும். முனையிலிருந்து நெற்றி வரை, அதாவது லாடத்தின் வளைந்த முன்பக்கம் வரை, 13 செ.மீ. நெம்புகோல் கிடைக்கிறது என்று போட்டால் ஒவ்வொரு முனைக்கும் சுமார் 140 கிலோ விசை வேண்டும். அதுவும் விரல் நுனியில். எனக்குத் தெரிந்த மனிதன் எவனும் செய்ய மாட்டான்.

இரண்டாவது வழி, ஒரு முனையை மேலேயும் இன்னொன்றைக் கீழேயும் தள்ளி முறுக்குவது. இப்போது எதிர்ப்பது 8 மி.மீ. கனம்தான். அதே லாடம், அதே கை, ஆனால் முனைக்குச் சுமார் 60 கிலோ போதும். பாதிக்கும் குறைவு.

உங்கள் தாத்தாவின் லாடம் பிழிந்த துண்டு மாதிரி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சம்மட்டிக்காரன் உலையில் போட்டு அடித்திருந்தால் அப்படி முறுக்க மாட்டான், நேராக்குவான், இல்லை மடக்குவான். முறுக்குவது கைக்குத்தான் சௌகரியம். அந்த ஒரு வரியைப் படித்ததும்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இரும்புப்பிடி

மேஸ்திரி சொன்னதில் ஒரே ஒரு இடத்தில் மறுப்பு. எவனும் செய்ய மாட்டான் என்று எழுதாதீர்கள், விரிக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். லாடத்தின் நெற்றியைத் தொடையில் முட்டுக்கொடுத்து உடம்பையே நெம்புகோலாக்குவார்கள். ஆனால் முதலில் முறுக்கி, இரும்பு விட்டுக்கொடுத்த பிறகுதான் விரிப்பார்கள். மற்றபடி கணக்கு என் கைக்குத் தெரிந்ததோடு ஒத்துப்போகிறது.

அஸ்தம்பட்டி_ரவுண்டானா

நான் நம்பாதவன் என்று யாரும் கோபப்பட வேண்டாம். லாடத்தில் செய்யக்கூடிய மோசடிகளைக் கொஞ்சம் பேசுவோம், இந்த மாதிரி வித்தைகளில் பாதி அதுதான்.

பந்தயக் குதிரைகளுக்கு அலுமினிய லாடம் அடிப்பார்கள். வெள்ளை தெரியாமல் கருப்புப் பெயின்ட் அடித்துவிட்டால் மேடையில் யாருக்கும் தெரியாது. இரும்பையே சிவக்கக் காய்ச்சி மெல்ல ஆறவிட்டால் மெத்தென்று ஆகிவிடும். இதெல்லாம் வேண்டாம், முந்தின நாளே வைஸில் (இரும்பைக் கவ்விப் பிடிக்கும் பட்டறைக் கருவி) பிடித்து நாலு தடவை இப்படியும் அப்படியும் ஆட்டி வைத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்திருக்கும், மேடையில் ஒரு முக்கு முக்கினால் ஒடிந்து கையோடு வரும். அந்த ராஜா லாடத்தை உடைத்தார் என்கிறீர்களே, வளைத்தார் இல்லை, உடைத்தார். எனக்கு அங்கேதான் சந்தேகம். நல்ல இரும்பு வளையும், விரிசல் விட்ட இரும்புதான் உடையும்.

கொலுசுப்_பட்டறை

ரவுண்டானா அண்ணா சொல்வதில் ஒரு விஷயம் எங்கள் தொழிலில் தினமும் பார்ப்பது. நாங்கள் வெள்ளிக் கம்பியை அச்சில் இழுக்க இழுக்க அது விறைத்துக்கொண்டே போகும். ஒரு கட்டத்துக்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும். அதனால் நடுவில் நெருப்பில் காட்டி இளக்கி, ஆறவைத்து, திரும்ப இழுப்போம். கொலுசு செய்கிற பையன் முதல் வாரமே கற்றுக்கொள்வது இதுதான், எப்போது நிறுத்தி நெருப்பில் காட்ட வேண்டும் என்பது. கம்பி பார்க்க அதே கம்பிதான், கைதான் சொல்லும்.

இரும்புக்கும் இதே கதைதானே? அப்படியென்றால் ஒரு தடவை முறுக்கின லாடம் முறுக்கின இடத்தில் விறைத்திருக்கும். லீபஜார் தம்பி, நீங்கள் முயற்சி செய்தது தாத்தா வளைத்த அந்த லாடத்தையா, வேறு லாடத்தையா?

லீபஜார்_பேரன்

அதே லாடத்தைத்தான். இன்னும் கொஞ்சம் முறுக்கப் பார்த்தேன்.

லேத்_மேஸ்திரி

அடப்பாவி. அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். கொலுசுக்காரர் சரியான இடத்தில் பிடித்தார். வளைந்த இடம் விறைத்துவிட்டது, அதோடு மைல்டு ஸ்டீலுக்கு இன்னொரு குணம் உண்டு, வளைத்துவிட்டுச் சும்மா போட்டுவைத்தாலே நாள்போக்கில் இன்னும் கெட்டிப்படும். ஐம்பது அறுபது வருடம் நிலையில் தொங்கியிருக்கிறது. போதாததற்கு முறுக்கிய பிறகு முனைகள் ஒன்றை விட்டு ஒன்று விலகிவிடும், முன்போல வாகாகப் பிடிக்கவும் முடியாது. தாத்தா விட்ட இடத்திலிருந்து தொடங்குவது, அவர் முடித்த மூட்டையின் மேல் இன்னொரு மூட்டையை ஏற்றித் தூக்குகிற மாதிரி.

இருபதாவது_வளைவு

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். எனக்கு வளைக்கத் தெரியாது, குதிரை தெரியும். சின்ன வயதில் சவாரிக் குதிரைகளோடு சுற்றியவன், லாடம் அடிக்கும்போது காலைத் தூக்கிப் பிடித்துக்கொள்வது என் வேலை.

எல்லோரும் புது லாடத்தை வைத்துக் கணக்குப் போடுகிறீர்கள். ஜட்கா வண்டிக்காரர் கையில் புது லாடம் எதற்கு இருக்கப்போகிறது? குளம்பு வளர்ந்துகொண்டே இருக்கும், அதனால் ஒன்றரை, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கழற்றிச் சீவி அடிக்க வேண்டும். தேயாததைத் திரும்ப அடிப்பார்கள், தேய்ந்தது வண்டிக்கு அடியில் பெட்டியில் கிடக்கும். யாராவது வீட்டு வாசலுக்கென்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். வாசலில் அடிக்கிற லாடம் குதிரை போட்டு நடந்ததாக இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள், கடையில் வாங்கின புதுசுக்கு மதிப்பில்லை.

தேய்ந்த லாடத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். முன்நெற்றிதான் முதலில் தேயும், ஏனென்றால் குதிரை காலைத் தூக்கும்போது தரையைக் கடைசியாக விடுவது நெற்றிதான். தார் ரோட்டில் ஓடும் குதிரைக்கு அங்கே கத்தி மாதிரி ஆகிவிடும், பின்முனை இரண்டும் அப்படியே புதுசாக இருக்கும். வளையப் போகிற இடம் மட்டும் மெலிந்திருக்கும், கை பிடிக்கிற இடம் கனமாகவே இருக்கும். வளைப்பதற்கென்றே யாரோ இழைத்துக் கொடுத்த மாதிரி.

ஆனால் ஒன்று. ஜட்காவில் கட்டுவது பெரும்பாலும் மட்டக் குதிரை, குளம்பு சின்னது, லாடமும் சின்னது. நெம்புகோல் குறையும். அதையும் கணக்கில் சேருங்கள் மேஸ்திரி.

மாட்டு லாடத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், மாட்டுக்கு இரட்டைக் குளம்பு, இரண்டு தனித் தகடு, அதில் வளைக்க ஒன்றுமில்லை.

சும்மா_பார்க்கிறேன்

லாடம் கட்டுவது என்றால் எனக்குத் தெரிந்தது போலீஸ் ஸ்டேஷன் அர்த்தம் மட்டும்தான். தலைப்பைப் பார்த்துப் பயந்தே உள்ளே வந்தேன்.

புதுக்கை

நல்ல இழை. இரும்பு பிடித்த கையும் சிரங்கு பிடித்த கையும் சும்மா இருக்காது என்பார்கள், படித்ததும் எனக்கும் ஊறல் எடுத்துவிட்டது. வீட்டு வேலை நடக்கும் இடத்தில் 8 மி.மீ. கம்பித் துண்டு கிடந்தது, ஒன்றரைச் சாண் இருக்கும், எடுத்து வளைத்துப் பார்த்தேன். அசையவே இல்லை, உள்ளங்கையில் வரி வரியாகப் பதிந்து தோல் உரிந்ததுதான் மிச்சம். எங்கிருந்து ஆரம்பிப்பது, இரும்புப்பிடி அண்ணா?

இரும்புப்பிடி

கட்டட வேலையில் கிடந்தது டி.எம்.டி. கம்பி. அது 500 கிரேடு, சாதா இரும்பைவிட இரண்டு மடங்கு முரண்டு பிடிக்கும், மேலே முறுக்கு வரி வேறு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் காலேஜில் சேர்த்த கதை. உலகம் முழுக்க இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் மதிப்பது ஐயன்மைண்ட் கம்பெனியின் ‘சிவப்பு ஆணி’ (வளைத்துக் காட்டவென்றே விற்கும் கம்பி), அதுவே கிட்டத்தட்ட 8 மி.மீ. கனம், 7 அங்குல நீளம்தான். நீங்கள் எடுத்த எடுப்பில் அதே கனத்தில் கை வைத்திருக்கிறீர்கள்.

கடையில் ‘ரெண்டு நூல் பிளெயின் ராடு’ என்று கேளுங்கள். கால் அங்குலம், 6 மி.மீ. சொச்சம் வரும். முதலில் ஒரு அடி நீளமாக வெட்டி வளையுங்கள். அது சுலபமானதும் அதே கனத்தில் பத்து அங்குலம், எட்டு, ஏழு என்று குறைத்துக்கொண்டே வாருங்கள். கனத்தைக் கூட்ட அவசரப்படாதீர்கள், உருண்டைக் கம்பியில் கனம் இரட்டித்தால் எதிர்ப்பு எட்டு மடங்கு.

வெறும் கை என்று சொல்வார்களே தவிர தோலோ துணியோ சுற்றாமல் யாரும் செய்வதில்லை, சுற்றாவிட்டால் வலுவுக்கு முன்னால் தோல் தோற்றுவிடும். செருப்புத் தைக்கிறவரிடம் ஒரு முழம் தோல் வாங்கி இரண்டாக வெட்டி இரண்டு முனையிலும் இறுக்கிச் சுற்றுங்கள். பழைய ஜமுக்காளத் துண்டும் நன்றாகப் பிடிக்கும். சைக்கிள் டியூப் வேண்டாம், ரப்பர் உருளும்.

லாடத்துக்கு வருவோம். நான் செய்கிற முறை இது. இடது காலை ஒரு படி மேலே வைத்து, லாடத்தின் நெற்றியை இடது தொடையில், முட்டிக்கு ஒரு சாண் மேலே அணைத்துக்கொள்வேன். இடது கை கீழ் முனையை உடம்பை விட்டு வெளியே தள்ளும், வலது கை மேல் முனையை நெஞ்சை நோக்கி இழுக்கும். இழுப்பது கை என்று நினைத்தால் வேலைக்கு ஆகாது. முழங்கையை விலாவோடு ஒட்டிப் பூட்டிவிட்டு, தோளையும் முதுகையும் திருப்ப வேண்டும், கை வெறும் கொக்கிதான்.

முதல் ஐந்து ஆறு விநாடி ஒன்றுமே நடக்காது. சுவரைத் தள்ளுகிற மாதிரி இருக்கும், பாதிப் பேர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். முதலில் தெரிவது வளைவு இல்லை, நெற்றிப் பக்கம் இரும்பின் மேலிருக்கும் கருஞ்செதில் பொடிப் பொடியாக உதிரும், வேட்டியில் மிளகுத்தூள் கொட்டின மாதிரி. அது உதிர்ந்தால் இரும்பு விட்டுக்கொடுத்துவிட்டது என்று அர்த்தம். அப்போது நிறுத்தவே கூடாது. தொட்டுப் பார்த்தால் அந்த இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும், நான் முதல் தடவை தொட்டுவிட்டுப் பயந்தேன்.

எலும்பு_நரம்பு

நான் பிசியோதெரபிஸ்ட். உற்சாகத்தைக் கெடுக்க வரவில்லை, ஆனால் இதைச் சொல்லாமல் போனால் அடுத்த மாதம் உங்களில் ஒருவர் என்னைப் போன்ற யாரையாவது பார்க்க வேண்டி வரும்.

உள்ளங்கை மேலே பார்த்திருக்கும் கையால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். முழங்கைக்கு உள்பக்கம் பைசெப்ஸ் தசை எலும்போடு சேரும் தசைநார் அறுவது அப்படித்தான். நாற்பது தாண்டிய ஆண்களுக்கு அதிகம் வரும், சிகரெட் பிடிப்பவர்களுக்கு இன்னும் அதிகம். ‘டப்’ என்று சத்தம் கேட்கும், முழங்கை மடிப்பில் நீலம் பாயும், தசை தோள் பக்கமாகச் சுருட்டிக்கொண்டு மேலேறி நிற்கும். அப்படி ஆனால் எண்ணெய் தேய்த்து நீவிக்கொண்டு உட்காராமல் அதே வாரம் எலும்பு டாக்டரைப் பாருங்கள். அறுந்த தசைநார் சுருங்கிப் போகப் போக தைப்பது கஷ்டம்.

தசை ஒரு மாதத்தில் பழகிவிடும், தசைநாருக்கு அதைவிட ரொம்ப நாள் வேண்டும். வலு வந்துவிட்டது என்று நினைக்கிற அந்த இரண்டாவது மாதம்தான் ஆபத்து. வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம்.

இரும்புப்பிடி

டாக்டரம்மா சொல்வது நூற்றுக்கு நூறு. எனக்கே ஆகியிருக்கிறது. ஜிம் ஒன்றில் நாலு பேர் சுற்றி நின்று கைதட்டினார்கள் என்று குளிர்ந்த உடம்போடு ஒரு லாடத்தை எடுத்தேன். அறுபடவில்லை, ஆனால் இடது முழங்கை மூன்று மாதம் தோசைக்கரண்டிகூடத் தூக்கவில்லை. வலியைவிட, வீட்டில் அதை விளக்கிச் சொன்னதுதான் கஷ்டம். லாடம் எதற்கு வளைக்கிறாய் என்ற கேள்விக்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

கஞ்சமலையான்

கொஞ்சம் வழி மாறுகிறேன், மன்னிக்கவும். நாம் போடுகிற கையில்லாத ‘சாண்டோ பனியன்’ இருக்கிறதே, அது யூஜின் சாண்டோ என்ற பயில்வான் பெயர். 1904-05-ல் அவர் இந்தியா முழுக்கச் சுற்றி வித்தை காட்டினார், அதற்கப்புறம் நம் ஊரில் உடம்பு வைத்திருந்த எல்லோரும் ‘சாண்டோ’ ஆனார்கள். அதற்கு முன்னாலேயே நமக்கு இளவட்டக்கல் இருந்தது, கர்லாக்கட்டை இருந்தது. ஆனால் கல்லைத் தூக்கினால் திரும்ப அதே இடத்தில்தான் கிடக்கும். லாடம் வளைத்தால் அத்தாட்சி மிஞ்சுகிறது, அதுதான் இதில் கவர்ச்சி என்று எனக்குத் தோன்றுகிறது.

இரும்பு என்றால் எங்கள் கஞ்சமலையைச் சொல்லாமல் விட முடியாது. 1830-களில் ஹீத் என்ற வெள்ளைக்காரர் சேலத்து இரும்புக் கல்லை நம்பித்தான் பரங்கிப்பேட்டையில் உருக்கு ஆலை போட்டார். அந்த லாடத்தில் நம் மலை இரும்பு இருக்குமோ என்று ஓர் ஆசை.

லேத்_மேஸ்திரி

ஆசைக்கு அளவில்லை. ஜட்கா காலத்து லாடம் பெரும்பாலும் எங்கோ காயலான் கடைப் பட்டையை வாங்கி அடித்ததாக இருக்கும். இப்போது சேலம் உருக்காலையில் வருவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதில் லாடம் அடித்திருந்தால் தாத்தா பந்தயத்தில் தோற்றிருப்பார், எவர்சில்வர் வளைய வளையச் சாதா இரும்பைவிட வேகமாக விறைக்கும்.

பேச்சு போதும். தம்பி, வெர்னியர் அளவுகோலை எடுத்து நெற்றியில் ஒரு அளவு, பின்முனையில் ஒரு அளவு எடுத்துப் போடு.

லீபஜார்_பேரன்

எடுத்துவிட்டேன். துருவைச் சுரண்டிவிட்டு அளந்தது. பின்முனைக் கனம் 9 மி.மீ., நெற்றியில் 6 மி.மீ. பட்டை அகலம் 18. முனையிலிருந்து நெற்றிக்கு, வளைவை நிமிர்த்தி உத்தேசமாகப் போட்டால், 11 செ.மீ.

மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தபோது இன்னும் இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. சம்மட்டித் தழும்பு எங்கேயும் இல்லை, வைஸ் கடித்த பல்தடமும் இல்லை. ஆனால் முன்பக்க ஆணித் துளை ஒன்றின் ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் ஓடுகிறது, வெளிப்பக்கம் மட்டும்.

லேத்_மேஸ்திரி

அந்த விரிசல் போதும், உன் சித்தப்பா மகனைக் கூப்பிட்டுக் காட்டு. சிவக்கக் காய்ச்சி முறுக்கியிருந்தால் இரும்பு வெண்ணெய் மாதிரி வழிந்து வளைந்திருக்கும், அங்கே பிளக்காது. குளிர்ந்த இரும்பை வலுக்கட்டாயமாக முறுக்கினால்தான் துளை ஓரத்தில் அப்படிக் கிழியும்.

கணக்கு: புதுசாக 9 மி.மீ. இருந்தபோது முறுக்க முனைக்குச் சுமார் 80 கிலோ வேண்டியிருக்கும், லாடம் சின்னது என்பதால். நெற்றி 6-க்குத் தேய்ந்ததும் 38 கிலோ. துரு அப்புறம் தின்றதைக் கழித்தால் தாத்தா கையில் இருந்தபோது அது ஆறரை, ஏழு இருந்திருக்கலாம், அப்போது 45, 50 கிலோ என்று வை. ஒன்பது மில்லி தடிப்புள்ள முனையை நாலு விரலில் பிடித்துக்கொண்டு 50 கிலோவை ஒரு கை தள்ள, ஒரு கை இழுக்க வேண்டும். மூட்டை தூக்கின மனிதருக்கு நடக்கிற காரியம். நாற்காலியில் உட்கார்ந்து டைப் அடிக்கிற எனக்கு நடக்காது.

அஸ்தம்பட்டி_ரவுண்டானா

சரி, குளிர்ந்த இரும்புதான், கைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாதி தேய்ந்த லாடத்தை வளைத்துவிட்டு லாடத்தை வளைத்தேன் என்று ஐம்பது வருடம் பேர் வாங்கியிருக்கிறாரே, அது கொஞ்சம் மோசடி இல்லையா?

இருபதாவது_வளைவு

அண்ணா, தேயாத லாடத்தை எந்தக் குதிரைக்காரன் பந்தயத்துக்குக் கொடுப்பான்? காசு போட்டு வாங்கினதை ஒருத்தர் முறுக்கிக் கெடுக்க.

லீபஜார்_பேரன்

இந்தக் கேள்வியை நேற்று சூரமங்கலத்தில் இருக்கும் பெரிய அத்தையிடமே கேட்டுவிட்டேன், வீட்டில் இந்தக் கதையை நேரில் பார்த்தவர் இப்போது அவர் ஒருவர்தான். அப்போது அத்தைக்கு ஏழெட்டு வயதாம்.

அத்தை சிரித்தார். “உங்க தாத்தா எப்போடா புது லாடம்னு சொன்னாரு? தேஞ்சதுன்னு அவரேதான் சொல்லுவாரு. நீங்க எல்லாம் சேந்து புதுசாக்கிட்டீங்க” என்றார். பந்தயம் காசுக்கு இல்லையாம். அன்றைக்கு மழை, அத்தைக்குக் காய்ச்சல், தாத்தா அவரைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறார், வண்டிக்காரர் கூலி கூடக் கேட்டிருக்கிறார். பேச்சு வளர்ந்து, இந்தப் பெட்டியில் கிடக்கிற லாடத்தை வளைத்துக் காட்டினால் சும்மா கொண்டுபோய் விடுகிறேன் என்று அவர் வாய்விட்டுவிட்டார். தாத்தா அத்தையை வண்டியில் உட்காரவைத்துவிட்டுத்தான் லாடத்தை வாங்கியிருக்கிறார்.

நான் விடாமல், வெறும் கையாலேயா அத்தை என்று கேட்டேன். தலையில் இருந்த சும்மாட்டை அவிழ்த்து இரண்டாகக் கிழித்து இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டாராம். இரும்புப்பிடி அண்ணா எழுதின ஜமுக்காளத் துண்டை அப்போதுதான் நினைத்தேன். அத்தைக்கு லாடம் வளைந்ததைவிட, நல்ல சும்மாட்டைக் கிழித்ததற்குப் பாட்டி அன்று ராத்திரி திட்டினதுதான் நன்றாக நினைவிருக்கிறது.

இரும்புப்பிடி

சும்மாடு! முப்பது நாற்பது கிலோவுக்கு மேல் விளிம்பு சதையை அறுக்கும், அதைத் தெரிந்துதான் செய்திருக்கிறார். முதல் தடவை வளைத்த ஆள் மாதிரி தெரியவில்லையே.

லீபஜார்_பேரன்

அதையும் கேட்டேன். அத்தைக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனேன். இருபதாவது_வளைவு அண்ணா ஏரிப் பக்கம் ஒரு குதிரைக்காரரிடம் சொல்லிவைத்திருந்தார், தேய்ந்த லாடம் மூன்று கொடுத்தார், காசு வாங்கவில்லை. நெற்றி 6 மி.மீ. இருப்பதாகப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். சும்மாடு இல்லை, அம்மாவின் பழைய ஜமுக்காளம். தொடையில் அணைத்து, முழங்கையைப் பூட்டி, நீங்கள் சொன்ன மாதிரியே. மூன்றாவது முயற்சியில் லுங்கியில் கருப்பாகக் கொஞ்சம் உதிர்ந்தது. வெதுவெதுப்பாகவும் இருந்தது. ஒரு விரல்கடை நகர்ந்திருக்கும், அதற்குள் வலது கை நழுவி முனை வந்து தாடையில் இடித்துவிட்டது, நல்லவேளை பல் தப்பித்தது.

இரண்டு நாள் கழித்து அதையே தொடரலாமா, இல்லை விறைத்திருக்கும் என்று வேறு லாடம் எடுக்கவா?

கொலுசுப்_பட்டறை

வேறு எடுங்கள். அதை அப்படியே வையுங்கள், புது வீட்டு நிலைக்கு ஆகும்.

அஸ்தம்பட்டி_ரவுண்டானா

இன்னும் படம் வரவில்லை.

லீபஜார்_பேரன்

தாடை வீக்கம் வடியட்டும் அண்ணா, லாடத்தைக் கையில் பிடித்துக்கொண்டே எடுத்துப் போடுகிறேன்.